முடியுமா என்று கேட்டால்

ஜனவரி 9

என் வீட்டு அம்மணிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் மகளும் நன்றாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் இதற்குள் புகார் வந்திருக்கும்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் நாம் இருவரும் ‘சாப்பிட்டாச்சா’வைத் தாண்டுவதில்லை. என் அறையில் இருக்கிற மற்ற ஐந்து பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குடும்பக் குவார்ட்டர்ஸ் கட்டி முடித்துவிட்டார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி தெரியும். நிரந்தர ஊழியர்களுக்குத்தான் கொடுப்பார்கள். எக்ஸ்ரே பிரிவில் என்னை நிரந்தரமாக்க எல்லாம் தயார், ஒன்றைத் தவிர. நான் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய் ஜூனில் தேர்வு எழுத வேண்டுமாம். வெளிமாநிலத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்த ஒரு பெண்மணி, நான் அவரைக் கைதி மாதிரி நடத்தினேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எக்ஸ்ரே அறையில் வேறு எப்படிப் பேசுவது? ‘ஸ்டேண்ட். டர்ன். டோன்ட் மூவ்.’ எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான், அந்த வேலைக்கு அது போதும் என்றும் நினைத்திருந்தேன்.

எப்படியும் தேறிவிடுவேன். ஆகவே நீ மே மாதத்தோடு கடையிலிருந்து நின்றுகொள். மகளைக் காலேஜ் ஹாஸ்டலில் சேர்த்துவிடு. பீரோவை யாருக்காவது கொடுத்துவிடு, இங்கே சுவரிலேயே அலமாரி இருக்கிறது. ஆறு வருஷம் ஆளுக்கொரு ஊரில் இருந்தது போதும். கிளம்பி வா.

வெயிலில் அலையாதே.

உன் வீட்டுக்காரன்

•

ஜனவரி 28

உங்களுக்கு நமஸ்காரம். இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? ஸ்ட்ரெச்சரைத் தனியாகத் தள்ள வேண்டாம் என்று எத்தனை முறை சொல்வது.

குவார்ட்டர்ஸ் விஷயம் படித்தேன். சந்தோஷம்.

இங்கே ஒரு வேடிக்கை. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்ட எங்கள் முதலாளிக்கே கண் ஆபரேஷன். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்திருக்கிறார். பவர் பார்ப்பது, லென்ஸின் ஓரம் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைப்பது எல்லாம் இப்போது நான்தான். முன்பெல்லாம் திருகாணி மாற்றவும் மூக்குப் பட்டை ஒட்டவும்தான் விடுவார். போன வாரம் ஒரு டைப்பிஸ்ட் அம்மா வந்தார். இரண்டு வருஷமாகத் தலைவலி என்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். என்னம்மா என்று கேட்டேன். “எதிர்ல இருக்கற மரத்துல இலை தனித்தனியா இருக்கு”ன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்று முழுக்க எனக்குப் பசியே எடுக்கவில்லை.

பீரோ ரொம்பக் கனம். யார் எடுத்துக்கொள்வார்கள் என்று தெரியவில்லை. மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே.

மகள் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
நான்தான்

•

பிப்ரவரி 20

அன்புள்ள உனக்கு,

நலமாக இருக்கிறேன். இடுப்பு என் பேச்சைக் கேட்கிறது.

வகுப்பு தொடங்கிவிட்டது. துணி வெளுக்கிற பிரிவில் இஸ்திரி மேசைகளைத் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருக்கிறார்கள். வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பெண்தான் டீச்சர். நம் மகளைவிட நாலைந்து வயது பெரியவளாக இருந்தால் அதிகம். ஆனால் கறார்.

ஒரே ஒரு கதவைத் திறக்கச் சொல்வதற்கு வெள்ளைக்காரன் எத்தனை வழி வைத்திருக்கிறான் தெரியுமா? ‘ஓப்பன்’ என்றால் அதட்டல். ‘ப்ளீஸ் ஓப்பன்’ என்றால் கொஞ்சம் பரவாயில்லை. ‘கேன் யூ ஓப்பன்’ அதற்கு மேல். ‘குட் யூ’ இன்னும் மேல். ‘குட்’ என்பது ‘கேன்’ உடைய இறந்த காலம்தானே, நேற்று திறக்க முடிந்ததா என்றா கேட்கிறோம் என்று நான் மடக்கினேன். “காலத்துக்காக இல்ல சார், கொஞ்சம் தள்ளி நின்னு கேக்கற மாதிரி”ன்னு சொன்னாள். எல்லாவற்றுக்கும் உச்சியில் ‘வுட் யூ மைண்ட்’ இருக்கிறது. அதைச் சொன்னால் அடுத்து வருகிற வினைக்கு ‘இங்’ என்று ஒரு வால் ஒட்ட வேண்டும். ஓப்பனிங். இதற்குள் கதவு தானாகவே திறந்துவிடும்.

வீட்டில் எல்லோரிடமும் இப்படியே பேசிப் பழக வேண்டுமாம். எனக்கு இங்கே ஏது வீடு? அதனால் கடிதத்தில் பழகுகிறேன்.

தயவுசெய்து உன் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ள முடியுமா? பீரோவுக்கு ஆள் பார்ப்பதில் உனக்கு ஆட்சேபம் ஏதும் உண்டா? மகளின் ஹாஸ்டல் விஷயத்தை விசாரித்துச் சொன்னால் நன்றியுள்ளவனாக இருப்பேன். உன் சென்ற கடிதத்துக்கு மிக்க நன்றி.

தங்கள் அன்புள்ள,
கணவன்

•

மார்ச் 2

உங்களுக்கு,

நலமா என்று வழக்கத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். உங்களுக்கு என்ன ஆயிற்று?

வகுப்புப் பாடம் என்று எழுதியிருக்கிறீர்கள், அது புரிகிறது. ஆனாலும் கடைசிப் பத்தியைப் படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ‘தயவுசெய்து’ என்கிறீர்கள். ‘நன்றி’ என்கிறீர்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கு நீங்கள் நன்றி சொன்னதே இல்லை. நானும் எதிர்பார்த்ததில்லை, நாம் என்ன அந்நியமா? உங்கள் தங்கையோடு பேச்சுவார்த்தை நின்றுபோனபோதுதான் அவளிடம் ‘தயவுசெய்து உட்காரவும்’ என்றீர்கள். அன்று அவள் அழுதுகொண்டே போனது எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

என்மேல் ஏதாவது கோபமா? பீரோவைக் கொடுக்காததாலா? இல்லை, டாக்டர் ஏதாவது சொல்லி என்னிடம் மறைக்கிறீர்களா? மகள் படித்துவிட்டு, “அப்பா ஆபீசருக்கு எழுதினத நமக்கு மாத்திப் போட்டுட்டாரும்மா”ங்கறா. அவளுக்கு எல்லாம் விளையாட்டு.

பழையபடி நாலு வார்த்தை அதட்டி எழுதுங்கள். நிம்மதியாகத் தூங்குவேன்.

•

மார்ச் 19

அடியே பைத்தியக்காரி,

போதுமா? எனக்கு ஒன்றுமில்லை. கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பில் அறையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

இங்கே என் மூக்கு உடைந்த கதையைக் கேள். தோள் அடிபட்ட ஒருவரிடம், படித்ததைப் பயன்படுத்தலாமே என்று, ‘வுட் யூ மைண்ட் டர்னிங் லெஃப்ட்?’ என்று கேட்டேன். அவர் ‘நோ’ என்றார். சரி, மாட்டேன் என்கிறார், நாம் என்ன செய்வது என்று வெளியே போய் டாக்டரிடம், “பேஷண்ட் ஒத்துழைக்க மாட்டேங்கறார் சார்” என்றேன். டாக்டர் உள்ளே வந்து பார்த்தால் அந்த மனிதர் இடது பக்கம் திரும்பி, மூச்சை அடக்கிக்கொண்டு, முகம் சிவந்து நிற்கிறார். ஆட்சேபம் உண்டா என்றுதானாம் நான் கேட்டது. இல்லை என்றுதானாம் அவர் சொன்னது. ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது.

வகுப்பில் இதைச் சொல்லி எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும் டீச்சர் ஒன்று சொன்னாள்: “சார் செஞ்சது தப்புதான். ஆனா ஒரு விஷயம் சரி. அவர் மாட்டேன்னு சொன்னதா நெனச்சதும் விட்டுட்டு வெளிய வந்தாரே, அதுதான் கேக்கறது. மாட்டேன்னு சொல்ல வழி இருந்தாத்தான் அது கேள்வி. வழி இல்லேன்னா எத்தனை ப்ளீஸ் போட்டாலும் உத்தரவுதான்.”

நான் விடவில்லை. “வெளியில சரிம்மா. வீட்ல எதுக்கு? உரிமை இருக்கற எடத்துல போய்க் கேட்டுக்கிட்டு நிப்பாங்களா?”

“உங்க வீட்டம்மா கடைசியா எப்போ சார் உங்ககிட்ட முடியாதுன்னு சொன்னாங்க?”

சொல்லிக் காட்டலாம் என்று தேடிப் பார்த்தேன். குழம்பில் உப்பு இல்லை என்றால் போட்டுக்கொள்ளுங்கள் என்பாய், அதெல்லாம் கணக்கில் வராது. வேலை முடிந்து படுத்த பிறகும் யோசித்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

அதனால் இது பாடத்துக்காக எழுதுவதில்லை. ஜனவரியில் வா என்று எழுதினேன். இப்போது கேட்கிறேன். நீ இங்கே வந்து இருக்கிறாயா? உனக்கு இஷ்டமா? யோசித்து எழுது.

உன் வீட்டுக்காரன்

•

ஏப்ரல் 30

என் வீட்டு அம்மணிக்கு,

நலம். மகளின் பரீட்சை நல்லபடியாகப் போகிறது என்று போனில் சொன்னாள்.

என் கடிதம் வந்ததா இல்லையா? போனில் ‘சாப்பிட்டாச்சா’ என்கிறாய், உடனே மகளிடம் கொடுத்துவிடுகிறாய். குவார்ட்டர்ஸுக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஜன்னல் அளவெடுத்துத் திரைத்துணிகூட வாங்கிவிட்டார்கள். உனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியவில்லை.

‘சரி’ என்று ஒரு வார்த்தை எழுதிப் போட இவ்வளவு நாளா?

இவன்

•

மே 11

உங்களுக்கு நமஸ்காரம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் என்றைக்கும் நினைக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போதும் அதை மறந்துவிடாதீர்கள்.

உங்கள் மார்ச் மாதக் கடிதம் வந்த அன்றே படித்துவிட்டேன். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ‘சரி’ என்று எழுதத்தான் கை போனது. பழக்கம். அதற்கு மேல் எழுத்து நகரவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அரிசி களையப் போய்விடுவேன்.

எனக்கு வர விருப்பமில்லை.

எழுதிவிட்டேன்.

முதலாளிக்குப் பார்வை பழையபடி திரும்பவில்லை. கடையை நீயே நடத்துகிறாயா அம்மா என்று கேட்டார். உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நடத்துகிறேன் என்று சொல்லிவிட்டேன். அது நடந்தது பிப்ரவரியில். உங்களிடம் சொல்லாமல் இத்தனை நாள் பீரோவைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன்.

இந்த வேலையை நான் யாரும் சொல்லிக் கற்கவில்லை. நீங்கள் அந்த ஊருக்குப் போனதும், வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று கூட்டித் துடைக்கப் போன இடம் அது. இன்று லென்ஸைக் கையில் எடுத்தால் எந்தப் பக்கம் தடிமன் என்று விரலுக்குத் தெரிகிறது. தெருவில் போகிறவர்கள் கண்ணாடி கோணலாக இருந்தால் கூப்பிட்டுச் சரி செய்கிறேன். அங்கே வந்தால் நான் யார்? எக்ஸ்ரேக்காரர் சம்சாரம். அது கௌரவம்தான். காலையில் உங்களை அனுப்பிவிட்டுச் சாயந்திரம் வரை அந்தக் கௌரவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

உங்கள்மேல் பிரியம் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பஸ் நிலையத்தில் உங்களை ஏற்றிவிட்டு வருகிற ஒவ்வொரு தடவையும் நான் நேராக வீட்டுக்குப் போனதில்லை. நடந்து, நடந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போவேன்.

நீங்கள் கேட்டீர்கள், அதனால்தான் சொல்கிறேன். ‘வா’ என்று மட்டும் இருந்திருந்தால் வந்திருப்பேன். வந்து ஜன்னல் வழியாகத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உங்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

இடுப்பு வலி மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

•

மே 20

கடிதம் கிடைத்தது.

இங்கே வேலை அதிகம். மகளுக்கு என் ஆசி. தயவுசெய்து உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

•

ஜூன் 8

உங்களுக்கு நமஸ்காரம். நாங்கள் நலம். உங்கள் இடுப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

‘தயவுசெய்து’வைப் பார்த்தேன். இது வகுப்புப் பாடம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

உங்களுக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும். அதை இப்படி இஸ்திரி போட்டு மடித்து அனுப்ப வேண்டாம், கசங்கலாகவே எழுதுங்கள், படித்துக்கொள்கிறேன். என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். சொன்னதை மாற்றிச் சொல் என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் மாற்றிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.

தேர்வு எப்போது? நன்றாக எழுதுங்கள்.

•

ஜூலை 27

என் வீட்டு அம்மணிக்கு,

நலம். இடுப்பு வலி இருக்கிறது, புதிதாக ஒன்றுமில்லை. மகள் பாஸானது கேட்டு இங்கே எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன்.

நானும் தேறிவிட்டேன். நிரந்தரம் ஆகிவிட்டது. உனக்கு இத்தனை நாள் எழுதாததற்கு வேலை காரணமில்லை. எழுதினேன். எழுதியதையெல்லாம் கிழித்தேன். சிலதில் உன்னைத் திட்டியிருந்தேன், சிலதில் உன் முதலாளியை. ஒன்றில் அந்த டீச்சரைத் திட்டியிருந்தேன், பாவம். கேட்கச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தானே. கேட்காமல் இருந்திருந்தால் இந்நேரம் நீ இங்கே இருந்திருப்பாய். அந்த எண்ணம் ஒரு மாதம் என்னை விடவில்லை.

தேர்வுக்கு முன்னால் வகுப்பில் ஒரு பயிற்சி. இரண்டிரண்டு பேராக நிற்க வேண்டும். ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் மறுக்க வேண்டும். மறுத்ததும் கேட்டவர் ‘தட்ஸ் ஆல் ரைட்’, அதாவது பரவாயில்லை, என்று முகம் சுளிக்காமல் சொல்ல வேண்டும். துணி வெளுக்கிற அம்மா எனக்கு ஜோடி. என் சட்டையைத் தேய்த்துத் தர முடியுமா என்று கேட்டேன். அந்த அம்மாவுக்கு முடியாது என்று சொல்லவே வரவில்லை. திரும்பத் திரும்ப ‘சரி சார்’ என்கிறார். டீச்சர் மிரட்டிய பிறகு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ‘சாரி, ஐ கான்ட்’ என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் ‘தட்ஸ் ஆல் ரைட்’ வரவில்லை. வெறும் சட்டைதான், அதுவும் விளையாட்டுக்குத்தான். டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஜோடியைக் கூப்பிட்டாள்.

போன வாரம் குவார்ட்டர்ஸ் சாவி கொடுத்தார்கள். தனியாகப் போய்ப் பார்த்தேன். அறைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. நீ எங்கே உட்காருவாய் என்று பார்த்தேன். எட்டு மணிக்கு நான் போய்விடுவேன். அதற்குப் பிறகு நீ என்ன செய்வாய் என்று ஜனவரியிலிருந்து ஒரு தடவைகூட நான் யோசித்ததில்லை. தரையில் உட்கார்ந்து பார்த்தேன். சுவர், ஜன்னல், தொட்டி. அரை மணி நேரத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நீ சொன்னது பரவாயில்லை. இதை எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று.

இன்னொன்று. நம் ஊர் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரேவுக்கு அனுபவமுள்ள ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தவர் சொன்னார். இங்கே நிரந்தரமானதை விட்டுவிட்டு வருவது புத்திசாலித்தனமா என்று தெரியாது, ஆனால் வர ஆசை. செப்டம்பரில் லீவு இருக்கிறது. முதலில் லீவுக்கு வரட்டுமா? பிறகு அங்கேயே வந்து உங்களோடு இருக்கலாமா? என் வீட்டுக்கு வர நான் யாரைக் கேட்க வேண்டும் என்று நீ நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஆறு வருஷமாக அதை வீடாக வைத்திருப்பது நீ. அதனால் உன்னைக் கேட்கிறேன்.

உன் வீட்டுக்காரன்

•

ஆகஸ்ட் 19

உங்களுக்கு நமஸ்காரம். நாங்கள் நலம். இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், கூச்சப்படாமல் அறையில் யாரையாவது உதவிக்குக் கூப்பிடுங்கள்.

கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். கண்ணாடி வாங்க வந்தவர் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். லென்ஸ் தேய்த்த தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்றேன். நீங்கள் அந்த வெறுந்தரையில் போய் உட்கார்ந்தீர்களே, அதை நினைக்கிறபோதெல்லாம் எனக்குத் தாங்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்காக நீங்கள் எத்தனையோ செய்திருக்கிறீர்கள். நான் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை.

மகள் பக்கத்தில் நின்றுகொண்டு, “உடனே வாங்கன்னு போடும்மா, என்ன யோசிக்கற?” என்று அரிக்கிறாள். அவளுக்குப் புரியாது.

லீவுக்குக் கட்டாயம் வாருங்கள். நானே பஸ் நிலையத்துக்கு வருகிறேன்.

நிரந்தரமாக வருவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லப் போவதில்லை. கடையைத் திறக்க நான் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருக்கிறது. காலையில் அவரவர் எடுத்துப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகிறோம், சாயந்திரம் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் உலை வைக்கிறோம். நீங்கள் வந்தால் இது என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். நீங்களும் லீவில் வந்து எங்களோடு இருந்து பாருங்கள். அங்கே நிரந்தர வேலையை விடலாமா என்பதையும் பதறாமல் யோசியுங்கள்.

என் பதில் அநேகமாகச் சரி என்றுதான் இருக்கும். அது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் யோசித்துவிட்டுத்தான் சொல்வேன். நீங்கள் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறீர்கள், நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தச் சுகம் எனக்கு இதுவரை கிடைத்ததே இல்லை. கொஞ்ச நாள் இதை வைத்துக்கொள்கிறேன், அவசரப்படுத்தாதீர்கள்.

அன்புடன்,
கண்ணாடிக் கடைக்காரி